கேஸ் ஷீட்டைப் படிக்கிறவருக்கு உரிய சம்பளம் கொடுங்கள்

தமிழ்நாடு அரசின் கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ வழக்குகளையும் விசாரிக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணைய உறுப்பினர்களின் சம்பளத்தைப் பற்றி எழுதுகிறேன்.

பித்தப்பைக் கல்லுக்காக என் அம்மாவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோபி (சிறு துளை போட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை) செய்தார்கள். பித்தநாளத்தில் காயம் பட்டதை அங்கே யாரும் கவனிக்கவில்லை. நான்காம் நாள் வேறு ஊருக்குக் கொண்டு ஓடினோம். மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. அப்புறம்தான் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன்.

அங்கே ஒரு நாளை என்னால் மறக்க முடியாது. மருத்துவமனையின் சிகிச்சைக் குறிப்பான நூற்றைம்பது பக்கக் கேஸ் ஷீட்டிலிருந்து ஒரு தாளைப் பிரித்து, வழக்கை விசாரித்த ஆணைய உறுப்பினர் கேட்டார்: "வயிற்றிலிருந்து கசிவதை வெளியே எடுக்கும் ட்ரெயின் பையில் பச்சையாக வந்ததென்று ரெண்டாம் நாளே நர்ஸ் எழுதியிருக்காங்க. டாக்டர் குறிப்பில் அது ஏன் இல்லை?" பச்சை என்றால் பித்தநீர் கசிகிறது என்று அர்த்தம். எங்கள் வக்கீலே அதைப் பார்த்திருக்கவில்லை. அந்தக் கிறுக்கல் எழுத்தை யாரோ பொறுமையாக உட்கார்ந்து வாசித்திருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவருடைய பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவர் வரும்வரை வாய்தா, வாய்தா, வாய்தா. தலைவரோடு ஒரு உறுப்பினராவது சேர்ந்து அமர்ந்தால்தான் விசாரணை நடக்கும். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். எனக்கு நான்கு வருடம் ஆனது.

காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. (எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு மருத்துவமனையில் பாதிக்கப்பட்டவருக்கு இந்தக் கதவும் இல்லை. அது தனி வேதனை.) அன்றிலிருந்து மருந்துச் சீட்டு, ஸ்கேன், மயக்க மருந்துக் குறிப்பு எல்லாம் இந்த உறுப்பினர்களின் மேசைக்கு வருகின்றன. ஆனால் பல மாநிலங்களில் வெகுகாலம் அவர்களுக்குக் கொடுத்தது மதிப்பூதியம்தான். நன்றாக ஓடும் தொழிலை நிறுத்திவிட்டு, சில வருடப் பதவிக்கு ஒருவர் எதை நம்பி வருவார்?

இந்த உறுப்பினர்களுக்கு நாடு முழுக்க ஒரே மாதிரி சம்பளம் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. புதிய சட்டம் அமலுக்கு வந்த 2020 ஜூலை 20 முதல் கணக்கிட்டுத் தரவும் சொன்னது.

சம்பளம் கூடினால் மட்டும் கேஸ் ஷீட்டைப் படித்துவிடுவார்களா என்று கேட்பார்கள். எல்லோரும் படிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. படிக்கக்கூடியவர் விண்ணப்பிக்கவாவது வேண்டுமே! மருத்துவமனை தரப்பில் வாதாட வருகிற மூத்த வக்கீலுக்கு ஒரு நாளைக்கு என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவர் சொல்வதைச் சரிபார்க்க வேண்டியவர் வீட்டு வாடகையை நினைத்துக்கொண்டு உட்காரக் கூடாது.

ஆகவே கேட்கிறேன். அந்த உத்தரவுப்படி ஒவ்வொரு மாவட்ட உறுப்பினருக்கும் சம்பளமும் நிலுவையும் போய்ச் சேர்ந்துவிட்டதா என்பதை மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். ஒருவர் பதவி முடியும் தேதி முன்பே தெரிந்ததுதான். அதற்கு ஆறு மாதம் முன்னால், சம்பளத் தொகையை வெளிப்படையாகப் போட்டு, அடுத்தவருக்கான விளம்பரத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வழக்கு முடிந்த ஒரு மகள்