நமத்துக்கொண்டிருக்கும் பட்டாசு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் போடாததற்கு வேலை காரணமில்லை. கடைசியில் நீ கிறுக்கியிருந்த ஒற்றை வரிதான் காரணம்: "பட்டாசு இன்னும் வெடிக்கிறதா?" பள்ளிக்கூடத்தில் எனக்கு அந்தப் பெயரை வைத்தவனே நீ. கேட்க உனக்கு உரிமை இருக்கிறது, எனக்குத்தான் சொல்லக் கூச்சம். வெடித்தது. பத்து மாதத்துக்கு முன்னால், பட்டப்பகலில், நடுத்தெருவில்.

எங்கள் நகரத்து ஆண்டு விழாவுக்குச் சுவர் ஓவியம் வரைய ஆள் தேடினார்கள். ஓய்வு பெற்ற அப்பா வீட்டில் சும்மா இருந்தால் யாரிடமாவது வம்பு வளர்ப்பார் என்று பயந்தோ என்னவோ, மகள் என் பெயரைக் கொடுத்துவிட்டாள். சுரங்கப்பாதைக்குள் இறங்கும் இடத்தில் இடப்பக்கச் சுவர் எங்களுக்கு. எங்களுக்கு என்றால் நான், கல்லூரி மாணவர்கள் ஆறு பேர், தையல் வேலை பார்க்கும் ஓர் அம்மா. சுவரில் கட்டம் போட்டுச் சின்னப் படத்தைப் பெரிதாக்குவது, பெயர்ந்த இடத்தைச் சுரண்டிப் பட்டி வைப்பது, ஈரம் இருக்கும்வரை தூரிகையைத் தொடாமல் இருப்பது எல்லாம் அந்த அம்மா சொல்லிக்கொடுத்ததுதான். துணியை அளந்து வெட்டிப் பழகிய கை, சுவரையும் அளந்தது. ஏழு வாரம் வரைந்தோம். என் பங்கு ஒரு பறவைக் கூட்டம். மொத்தம் நாற்பத்தொன்று. எண்ணிக்கை எப்படித் தெரியும் என்று கேட்காதே, வரைந்தவனுக்குத் தெரியாதா?

விழாவுக்கு நான்கு நாள் இருக்கையில் போய்ப் பார்த்தால் பாதிச் சுவர் வெள்ளை. "வழியில் இருக்கும் சுவரையெல்லாம் சுத்தம் பண்ணு" என்று யாரோ யாருக்கோ சொல்லி, அவர் இன்னொருவருக்குச் சொல்லி, கடைசியில் ஓர் ஆள் வாளியும் ரோலருமாக வந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். என் பறவைகளில் பதினேழுதான் மிச்சம்.

நான் கத்தியதை எழுத மாட்டேன். உனக்கே என் வாய் தெரியும், நீயே நிரப்பிக்கொள். அவருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கத்தி ஓய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சுவரில் கையை ஊன்றப் போனேன். அப்போதுதான் வாயைத் திறந்தார்: "சார், அந்தப் பக்கம் இன்னும் காயலை. கையில ஒட்டிக்கும்."

அவ்வளவுதான். நக்கலும் இல்லை, பயமும் இல்லை. என் கைக்காகச் சொன்னார். அன்று இரவு தூக்கம் வரவில்லை. போன பறவைகள் பெரிதாகத் தெரியவில்லை, அந்த ஒரு வாக்கியம்தான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் மகள் ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனாள். முதலில் போக மறுத்தேன், அதையும் கத்தித்தான் மறுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு முறை போனேன். அந்த ஆலோசகர் கேட்ட முதல் கேள்வியே வேறு மாதிரி இருந்தது. எதனால் கோபம் வருகிறது என்று கேட்கவில்லை. உடம்பில் எங்கே முதலில் தெரிகிறது என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் எனக்குக் காது மடல்தான். அது சூடாகி, அப்புறம் தாடை இறுகி, அதற்கும் அப்புறம்தான் வாய். நடுவில் இவ்வளவு படி இருக்கிறது என்று அறுபது வருடமாக எனக்குத் தெரியாது. வாசல் படியில் நிறுத்த முடியாதவனைத் தெருமுனையிலேயே அடையாளம் கண்டுகொள்வது மாதிரி என்று வைத்துக்கொள்.

பத்து வரை எண்ணச் சொல்வார்களே, அது எனக்குச் சரிப்படவில்லை. எண்ணும் நேரத்தில் அடுத்து என்ன சொல்லிக் குத்தலாம் என்று நன்றாகத் தீட்டிவிடுகிறேன். அதைச் சொன்னதும் ஆலோசகர் சிரித்துவிட்டு, எண்ண வேண்டாம், மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விடுங்கள் என்றார். நாம் மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு சற்றுக் குறைகிறது, உடம்பின் அமைப்பே அப்படி. நீட்டி விட்டால் அந்த நேரம் நீள்கிறது. வாயும் காற்றை விடுவதில் மும்முரமாக இருப்பதால் பேச முடிவதில்லை என்பது நான் கண்டுபிடித்த கூடுதல் லாபம்.

இன்னொரு விஷயத்தில் நானும் நீயும் சேர்ந்தே ஏமாந்திருக்கிறோம். கோபத்தை உள்ளே வைக்கக்கூடாது, எதையாவது குத்தித் தீர்த்துவிட வேண்டும் என்று நம்பித்தானே பள்ளி மைதானத்துச் சுவரை உதைத்துக் கால் வீங்கினேன்? பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-இல் 600 மாணவர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார். அவர்கள் எழுதிய கட்டுரையை மட்டமாக விமர்சித்துக் கோபமூட்டிவிட்டு, சிலரை அந்த விமர்சகரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார்கள். சிலரை உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தச் சொன்னார்கள். சிலரைச் சும்மா உட்கார வைத்தார்கள். ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம். சும்மா இருந்தவர்கள்தான் பழிவாங்குவதில் கடைசி. அவரே இன்னொரு ஆய்வாளருடன் சேர்ந்து, 154 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த அலசல் 2024-இல் வெளிவந்தது. மூச்சுப் பயிற்சி, தியானம் என்று உடம்பின் சூட்டைத் தணிப்பவை கோபத்தைக் குறைக்கின்றன. ஓட்டம் குறைப்பதில்லை, கொஞ்சம் கூட்டவும் செய்கிறதாம். பந்து விளையாட்டு தப்பித்தது, அது குறைக்கிறதாம். கோபம் வந்தால் நான் விறுவிறுவென்று நாலு தெரு நடந்துவிட்டு, கிளம்பியதைவிட மோசமாகத் திரும்பி வந்ததற்கு இப்போது விளக்கம் கிடைத்தது.

ஆனால் நண்பா, இதைப் படித்த பிறகு ஒரு சந்தேகம் குடைந்தது. அப்படியானால் ஊர் கூடி எரிக்கிற, உடைக்கிற விழாக்கள் எல்லாம் எதற்கு? அமெரிக்காவில் சாண்டா ஃபே நகரத்தில் ஒவ்வொரு கோடை முடிவிலும் 'சோசோப்ரா' என்று ஏறக்குறைய ஐம்பதடி உயரப் பொம்மையை எரிக்கிறார்கள். 1924-இல் வில் ஷூஸ்டர் என்ற ஓவியர் தன் வீட்டுப் பின்கட்டில் நண்பர்களுக்காகச் சின்னதாகத் தொடங்கியது. மனக்கசப்பை எழுதிய தாள், விவாகரத்துப் பத்திரம் என்று எதையெதையோ கொண்டுவந்து பெட்டியில் போடுகிறார்கள். எல்லாம் பொம்மையோடு எரிகிறது. ஜப்பானில் நகோயாவுக்குப் பக்கத்தில் கியோசு என்ற ஊர்க் கோவிலில், கோபமூட்டுவதை மனதில் வைத்துச் சின்னத் தட்டை எறிந்து உடைக்கும் ஆண்டு விழா உண்டு.

இதை நகோயா பல்கலைக்கழகத்தில் சோதித்தும் பார்த்துவிட்டார்கள், அதுவும் 2024-தான். மாணவர்களைக் கட்டுரை எழுத வைத்து, மட்டமான மதிப்பெண் போட்டு, படித்தவர் இப்படி எழுதுவாரா என்று குறிப்பும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். (இந்த உளவியல்காரர்களுக்கு மாணவர்களைக் கடுப்பேற்ற வேறு வழியே கிடையாது போலிருக்கிறது.) அப்புறம் தங்கள் உணர்ச்சியை ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். எழுதியதைக் குப்பையில் போட்டவர்களுக்கோ இயந்திரத்தில் துண்டாக்கியவர்களுக்கோ கோபம் கிட்டத்தட்டப் பழைய நிலைக்கு இறங்கியது. தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டவர்களுக்கு அந்த அளவுக்கு இறங்கவில்லை. எழுதியது ஒன்றுதான், கையைவிட்டுப் போயிற்றா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். நானும் செய்கிறேன். என் மேசைக்குக் கீழே இருக்கும் கூடையை இப்போது வாரம் இருமுறை காலி செய்ய வேண்டியிருக்கிறது.

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது ஸ்பெயினின் வலென்சியா நகரத்து 'ஃபாயாஸ்' விழா. தெருவுக்குத் தெரு மாடி உயரச் சிலைகள். அரசியல்வாதியிலிருந்து அண்டை வீட்டுக்காரர் வரை யாரும் கேலிக்குத் தப்ப முடியாது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு சங்கம், அதற்கென்றே பிழைக்கும் சிற்பிகள், வருடம் முழுவதும் பணம் திரட்டி வேலை. மார்ச் 19 இரவு எல்லாவற்றையும் கொளுத்திவிடுகிறார்கள். பக்கத்துக் கட்டடங்களில் தீ பிடிக்காமல் தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு நிற்பார்கள். 1934-இலிருந்து மக்கள் ஓட்டுப் போட்டு ஓரிரு பொம்மைகளை மட்டும் மன்னித்து அருங்காட்சியகத்துக்கு அனுப்புகிறார்கள். மற்றதெல்லாம் சாம்பல். இப்போது பெரும்பாலும் தெர்மோகோல் மாதிரியான பொருளில் செய்வதால் வரும் கரும்புகையை நான் ஆதரிக்கவில்லை, அது வேறு சண்டை.

2020-இல் நகராட்சிச் சதுக்கத்தில் வைத்த சிலை, கண்மூடித் தியானம் செய்யும் ஒரு பெண். எஸ்கிஃப் என்ற தெரு ஓவியரின் வடிவமைப்பு. 'இதுவும் கடந்து போகும்' என்று பெயர். பாதி நிறுவிக்கொண்டிருக்கும்போதே கொரோனா வந்து விழா நின்றது. அவள் முகத்துக்கு ஒரு முகக்கவசம் மாட்டிவிட்டார்கள். அந்த முகம் கடைசியில் 2021 செப்டம்பரில்தான் தீயைக் கண்டது. ஒன்றரை வருடம் எரிவதற்காகக் காத்திருந்த முகம்! என் பறவைகள் நான்கு நாள் முன்னதாகப் போனதற்கு நான் குதித்த குதியை நினைத்துக்கொண்டேன்.

எரிப்பதால் அவர்கள் கோபம் தீர்கிறதா என்று எனக்கு இப்போது கேட்கத் தோன்றவில்லை. செய்கிறபோதே இது போகப்போகிறது என்று தெரிந்து செய்கிறார்களே, அதுதான் என்னிடம் இல்லாதது. நான் ஏழு வாரம் வரைந்ததை 'என் சுவர்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது சுரங்கப்பாதைச் சுவர். ஈரம் வடியும், சைக்கிள் உரசும், யாராவது சாய்ந்து நிற்பார்கள்.

நீ இப்போது 'டில்டட் ஆர்க்' கதையை எடுப்பாய், தெரியும். உன்னோடு அதற்காக ஓர் இரவு முழுக்கச் சண்டை போட்டவன்தானே நான். நியூயார்க்கில் அரசு அலுவலகங்களுக்கு முன்னால் 1981-இல் ரிச்சர்ட் செர்ரா என்ற சிற்பி நிறுத்திய 120 அடி நீள, 12 அடி உயர இரும்புச் சுவர். சதுக்கத்தைக் குறுக்கே அறுத்தது, ஊழியர்கள் தினமும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 1985 விசாரணையில் வைத்துக்கொள்ளலாம் என்றவர்கள் 122 பேர், எடுக்கச் சொன்னவர்கள் 58 பேர். இருந்தும் எடுப்பதென்று முடிவாயிற்று. அந்த இடத்துக்காகச் செய்ததை வேறிடம் கொண்டுபோனால் அழித்ததுதான் என்று செர்ரா வழக்குப் போட்டுத் தோற்றார். 1989 மார்ச் 15 இரவில் வெட்டி எடுத்தார்கள். நான் அப்போது முழுக்க செர்ரா பக்கம். ரசனை கெட்டவர்கள் என்று ஊழியர்களைத் திட்டினேன். நீ மட்டும், "மத்தியானம் வெளியே வந்து நிற்க ஆசைப்பட்டவனையும் கொஞ்சம் நினைடா" என்றாய். இன்றும் அது நல்ல சிற்பம் என்றே சொல்வேன், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த 58 பேரில் ஒருவர் முகத்தைக்கூட நான் கற்பனை செய்து பார்த்ததில்லை என்பது இப்போது உறுத்துகிறது.

சரி, ரோலர்காரருக்கு வருகிறேன். ஒரு மாதம் கழித்துத்தான் அவரைக் கண்டுபிடிக்க முடிந்தது. ஒரு பள்ளியில் கதவுகளுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவருக்கு என்னை ஞாபகமே வரவில்லை! அதுதான் எனக்கு அடி. நினைவூட்டியதும், "ஓ, அந்தப் பறவை சார்" என்றார். தன்மீது யாராவது கத்துவது அவர் வேலையில் வாரத்துக்கு இரண்டு தடவை நடக்கிறதாம். நான் அந்தக் கணக்கில் ஒன்று.

பாதி வெள்ளையாகவே விழா நடந்தது. வந்தவர்கள் அதை வேண்டுமென்றே விட்ட இடம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் என்னிடமே, பறவைகள் வெளிச்சத்துக்குள் கரைவது பிரமாதம் என்று விளக்கினார். நான் மூச்சை மெதுவாக விட்டேன்.

உன் தம்பியைப் பற்றி ஒரு வரியில் எழுதி, அதையும் அடித்திருக்கிறாய். அடித்ததற்கு அடியில் தெரிகிறது. அறிவுரை சொல்ல நான் ஆளில்லை. அவனுக்கு நீ சொல்ல நினைப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார். அனுப்ப வேண்டாம். கூடையில் போட்டுவிட்டு மறுநாள் எப்படி இருந்தது என்று மட்டும் எனக்கு எழுது. நீ வரையத் தொடங்கியிருப்பது நல்ல செய்தி. அடுத்த கடிதத்தில் ஒன்றையாவது மடித்து வை, மடிப்பு விழுந்தாலும் பரவாயில்லை.

இந்த வருட விழாவுக்கு இன்னும் இரண்டு மாதம். ஒவ்வொரு வருடமும் சுவரை வெள்ளையடித்துவிட்டுப் புதிதாக வரைவது என்று எங்கள் கூட்டத்தில் முடிவு செய்தோம். நானும்தான் கை தூக்கினேன். வரும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளையடிப்பு. ரோலர்காரர் வாளியோடு வருகிறார், எனக்கும் ஒரு ரோலர் கேட்டிருக்கிறேன். பதினேழு பறவைகளை நானே மூடப்போகிறேன். எந்த மூலையில் தொடங்குவது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.

உன்,
நமத்துக்கொண்டிருக்கும் பட்டாசு