பவர் எழுதும்போது வெயிலையும் கேளுங்கள்

கண்ணாடிக் கடை நடத்துபவர்களுக்கும், அங்கே உட்கார்ந்து பவர் பார்த்து எழுதித் தருபவர்களுக்கும் வணக்கம்.

நான் 12 வயதில் கண்ணாடி போட ஆரம்பித்தவள். இப்போது 43 ஆகிறது. இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்தரை, கூடவே சிதறல் பார்வைக்காகக் கொஞ்சம் சிலிண்டர் பவர். இத்தனை வருடத்தில் திருச்சியிலும் சென்னையிலுமாகப் பல கடைகள் ஏறி இறங்கியிருக்கிறேன். ஃபிரேம் மூக்கில் அழுத்துகிறதா என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் முன்னால் எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். இப்போதெல்லாம் செல்போன் பார்க்கும் நேரத்தையும் கேட்கிறீர்கள். வெயிலில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள், லீவுக்கு எங்கே போவீர்கள் என்று ஒருவர்கூட இதுவரை என்னிடம் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன மே மாதம் அம்மா, பிள்ளைகளோடு ராமேஸ்வரம் போயிருந்தோம். காலை பதினோரு மணிக்கெல்லாம் அரிச்சல்முனையில் நிற்கிறோம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த கதையை அம்மா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். 2017இல் தார்ச்சாலை போட்டுத் திறந்த பிறகு அந்த முனை வரைக்கும் வண்டியிலேயே போய்விடலாம். ஆனால் இறங்கிய பிறகு ஒதுங்க நிழல் கிடையாது. இடது பக்கம் அந்த ஊர்க்காரர்கள் பெண் கடல் என்று சொல்லும் பாக் நீரிணை, வலது பக்கம் ஆண் கடலான மன்னார் வளைகுடா, நடுவில் வெளுத்த மணல். மேலே இருந்து அடிக்கிற வெயில் பாதி என்றால், மணலும் தண்ணீரும் திருப்பி அடிக்கிற வெயில் மீதி. என்னால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

சங்கும் தொப்பியும் விற்கிற தள்ளுவண்டியில் 150 ரூபாய்க்கு ஒரு கூலிங் கிளாஸ் வாங்கினேன். பவர் கண்ணாடி மேல் அது உட்காராது. அதனால் பவர் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டு, இதை மாட்டிக்கொண்டேன். கண் குளிர்ந்தது உண்மை. ஆனால் மைனஸ் ஐந்தரை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சாண் தூரம் வரைக்கும்தான் எனக்குத் தெளிவு. அதற்கு அப்பால் எல்லாம் கரைந்துபோய்விடும்.

என் மகனுக்கு ஒன்பது வயது. நீலச் சட்டை போட்டிருந்தான். அலை வந்து போகிற இடத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அசைகிற நிறத் திட்டுகள். அதில் மூன்று நான்கு நீலம். இழுவை இருக்கிறது, இறங்கிக் குளிக்கக் கூடாது என்று எச்சரிக்கிற கடல் அது. பெயர் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. கைப்பைக்குள் கையை விட்டுப் பவர் கண்ணாடியைத் துழாவுகிறேன். சாவிக்கொத்து வருகிறது, தண்ணீர் பாட்டில் வருகிறது, அது மட்டும் வரவில்லை. "அம்மா, இங்கதாம்மா நிக்கிறேன்" என்று பத்தடி தள்ளி அவன் குரல் கேட்கும் வரைக்கும் என் நெஞ்சு என்னிடம் இல்லை. பிறகு கிடைத்த கண்ணாடியில் சாவி உரசி வலது லென்ஸில் ஒரு கோடு விழுந்திருந்தது. அந்தக் கோடு வழியாகத்தான் மிச்ச ஊரைச் சுற்றிப் பார்த்தேன்.

உங்களில் பலர் இதற்குப் பதில் தயாராக வைத்திருப்பீர்கள்: "மேடம், போட்டோகுரோமிக் போட்டிருக்கலாமே." அதையும் சொல்கிறேன். அம்மாவுக்கு அதுதான் போட்டிருக்கிறோம். வெயிலில் தானாகக் கறுக்கும், நிழலுக்கு வந்தால் வெளுத்துவிடும், ஒன்றே போதும் என்று சொல்லித்தான் விற்றார்கள். அந்த லென்ஸ் கறுப்பது புற ஊதாக் கதிர் பட்டால்தான். காரின் முன்கண்ணாடி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால் வண்டிக்குள் அது சரியாகக் கறுக்காது. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் முன்சீட்டில் உட்கார்ந்து அம்மா கையைத்தான் கண்ணுக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு வந்தார். சூடு ஏறினால் கறுப்பது குறையும், குளிரில்தான் நன்றாகக் கறுக்கும் என்பதும் அந்த லென்ஸின் குணம். நம் ஊர் மே மாதத்துக்கு அது முழு பலத்தோடு வேலை செய்யாது என்பதை விற்கிறவர் சொல்லியிருக்க வேண்டாமா?

கறுத்தது வெளுக்கச் சில நிமிடம் பிடிக்கும். அது சின்ன விஷயம் போலத் தெரியும். ராமேஸ்வரம் கோயிலில் வெளி வெயிலிலிருந்து மூன்றாம் பிரகாரத்துக்குள் நுழையும்போது அது சின்ன விஷயமாக இல்லை. தூண் தூணாக நீளும் அந்த அரையிருட்டில், கறுத்த லென்ஸோடு, தீர்த்தமாடியவர்கள் சொட்டிய ஈரத்தில் வெறுங்காலோடு என் அம்மா தடுமாறி என் மகள் தோளைப் பிடித்தார். பிடிக்கத் தோள் இருந்ததால் விழவில்லை. நான் அந்த லென்ஸைக் குறை சொல்லவில்லை. தெருவில் நடந்து கடைக்குப் போய் வருகிற நாளுக்கு அம்மாவுக்கு அது வசதிதான். எங்கே உதவும், எங்கே உதவாது என்று சொல்லிக் கொடுத்திருந்தால், கோயில் வாசலிலேயே இரண்டு நிமிடம் நின்றுவிட்டு உள்ளே போயிருப்போம்.

அந்த 150 ரூபாய்க் கண்ணாடியைப் பற்றியும் உங்களிடம்தான் பேச வேண்டும். கண் கூசுவது வேறு, கண்ணுக்குக் கெடுதி வருவது வேறு என்பது எனக்கே இந்தப் பயணத்துக்குப் பிறகுதான் விளங்கியது. கூச வைப்பது வெளிச்சம். கண்புரை சீக்கிரம் வருவதற்கும், கருவிழி மேல் சதை வளர்வதற்கும் ஒரு காரணமாக இருப்பது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். நிறம் கறுப்பாக இருப்பதால் மட்டும் ஒரு லென்ஸ் அந்தக் கதிரைத் தடுத்துவிடாது. தடுக்காத கறுப்பு லென்ஸைப் போட்டால் இருட்டென்று நினைத்துக் கண்பாவை விரிகிறது. விரிந்த பாவை வழியாகக் கதிர் கூடுதலாகவே உள்ளே போகலாம். இன்னொரு பக்கம், எளிதில் உடையாத பிளாஸ்டிக் வகையான பாலிகார்பனேட் லென்ஸ், நிறமே இல்லாவிட்டாலும், புற ஊதாக் கதிரைத் தானாகவே தடுத்துவிடுகிறது. என் மகளின் கண்ணாடி பாலிகார்பனேட்தான். பில்லில் எழுதியிருக்கிறது. அதற்கு இப்படி ஒரு குணம் உண்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உங்கள் கடைகளில் பலவற்றில் யூவி, அதாவது புற ஊதாக் கதிர், அளக்கும் கருவி இருக்கிறது. கண்ணாடி விற்கும்போது ஒரு தடவை அதில் வைத்துக் காட்டுங்கள். கருவி இல்லாத சின்னக் கடையில் கல்லாவில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்காவது இருக்கும். 500 ரூபாய் நோட்டில் வரிசை எண் அந்த வெளிச்சத்தில் ஒளிரும். நடுவில் லென்ஸைப் பிடித்தால் ஒளிர்வது மங்குகிறதா என்று பார்க்கலாம். துல்லியமான அளவு இல்லைதான். ஆனாலும் அதைக் கண்ணால் பார்த்த வாடிக்கையாளர் அடுத்த தடவை தள்ளுவண்டியில் வாங்குமுன் யோசிப்பார். புற ஊதாக் கதிரின் எல்லையான 400 நானோமீட்டர் வரை தடுக்கும் என்ற எழுத்து லென்ஸ் உறையில் இருக்கிறதா என்று தேடவும் கற்றுக்கொள்வார்.

மலைக்குப் போகிறவர்களை இன்னும் அழுத்திக் கேளுங்கள். ஊட்டிக்குப் போகிறோம், குளிர்ந்த இடம், கூலிங் கிளாஸ் எதற்கு என்று நாங்களே இருந்திருக்கிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. உடம்புக்குச் சூடு தெரியாததால் அங்கே யாரும் நிழலும் தேடுவதில்லை. இப்போது காஷ்மீருக்கும் மணாலிக்கும் நம் ஊரிலிருந்து எத்தனை பேர் போகிறார்கள்! காய்ந்த மணல் அந்தக் கதிரில் 15 சதவீதம் போலத் திருப்பி அடிக்கிறது என்றால், புதுப்பனி 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். பவர் கண்ணாடியோடு மட்டும் பனியில் இறங்கி நிற்கும் ஒருவருக்குத் தொப்பி மட்டும் போதாது. கீழே இருந்தல்லவா வருகிறது.

இனி நல்லதைச் சொல்கிறேன். ஊர் திரும்பிய பிறகு, மலைக்கோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கடையில், கோடு விழுந்த லென்ஸை மாற்றக் கொடுத்தேன். அங்கே ஃபிட்டிங் வேலை பார்க்கும் பெரியவர் என் கதையைக் கேட்டுவிட்டு, "பழைய ஃபிரேம் ஏதாச்சும் வீட்ல கிடக்காம்மா?" என்றார். எல்லார் வீட்டு அலமாரியிலும் கிடப்பது போல எங்கள் வீட்டிலும் மூன்று கிடந்தன. அதில் அகலமான ஒரு பழுப்பு ஃபிரேமைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பவரிலேயே சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ் வரவழைத்து, யூவி தடுப்போடு, சாயம் ஏற்றித் தருவதாகச் சொன்னார். சாயம் ஏற்றுவதை நின்று பார்த்தேன். கொதி வருகிற பதத்தில் இருக்கும் சாயத்தில் லென்ஸ் இரண்டையும் ஒரு கம்பிப் பிடியில் முக்குகிறார், எடுக்கிறார், வெள்ளைத் துணி மேல் வைத்து மாதிரித் துண்டோடு ஒப்பிடுகிறார், மறுபடி முக்குகிறார். "ரெண்டும் ஒண்ணு போல ஏறணும், இல்லேன்னா தலைவலிக்கும்" என்றார். சாம்பல் நிறம் போட்டால் பார்க்கும் நிறங்கள் மாறாது, பழுப்பு போட்டால் மேடு பள்ளம் தெளிவாகத் தெரியும் என்று அவரே விளக்கினார். எனக்குச் சாம்பல் ஏற்றினார். மொத்தம் 900 ரூபாய் ஆனது.

டிசம்பரில் கன்னியாகுமரி போனபோது அதைத்தான் போட்டிருந்தேன். படகுத்துறை வரிசையில் நின்றபடி கடலுக்கு நடுவே வள்ளுவர் சிலையின் மூன்று விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கண் சுருக்கவில்லை. மகன் எங்கே நிற்கிறான் என்று தெரிந்தது. இத்தனை வருடமாக எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்றே நினைத்திருந்தேன்.

900 ரூபாயில் முடியும் இந்த வேலையை 31 வருடமாக எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம். லாபம் குறைவு என்பதாலா, கேட்காமல் சொன்னால் தலையில் கட்டுவதாக நினைப்பார்கள் என்ற தயக்கமா? தயக்கம்தான் காரணம் என்றால் தயவுசெய்து அதை விடுங்கள். கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்களுக்குப் போலரைஸ்டு லென்ஸும் உண்டு. தண்ணீரிலும் ஈரத் தார்ச்சாலையிலும் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தை அது வெட்டிவிடும். சில கோணங்களில் செல்போன் திரை கறுப்பாகத் தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பவர் அதிகம் இருப்பவர் முகத்தை வளைத்துப் பிடிக்கும் ஃபிரேம் கேட்டால், ஓரம் வளைந்து தெரியும், வேண்டாம் என்று சொல்லுங்கள். பவரும் அடிக்கடி மாறி, காசும் இல்லாதவருக்குப் பவர் கண்ணாடி மேலே மாட்டும் கறுப்புக் கிளிப் காட்டுங்கள். கண்ணாடிப் பெட்டியோடு நாலு வார்த்தையும் கொடுத்து அனுப்புங்கள்: வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் வைத்தால் கோட்டிங் வெடிக்கும், கடற்கரை மணல் ஒட்டியிருந்தால் முந்தானையால் துடைக்காமல் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத் துடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டுமே நடந்திருக்கிறது.

கூலிங் கிளாஸ் என்றால் நம் ஊரில் பந்தா என்று ஒரு எண்ணம் இருக்கிறது. விபத்தில் பாதித்த கண்ணுக்காகத்தான் கலைஞர் பல பத்தாண்டுகள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளை ஊர் ஊராகப் பார்த்திருக்கிறோம். ஆபரேஷனுக்குப் பிறகு போடலாம், அதற்கு முன்னால் போட்டால் ஸ்டைல் என்பது என்ன கணக்கு? ஒரு வகுப்பில் பவர் கூலிங் கிளாஸ் போட்டு வரும் பிள்ளையை மற்றவர்கள் கேலி செய்வார்கள் என்று என் மகளே பயப்படுகிறாள். வெள்ளைக் கோட்டு போட்ட நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். நான் சொன்னால் கேட்பதில்லை. பிள்ளைகளின் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பெரியவர்களுடையதைவிடத் தெளிவாக இருப்பதால், கதிர் அதிகமாகவே ஊடுருவும் என்பதையும் அவளுக்குப் புரிகிற மாதிரி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வருகிற ஏப்ரலில் அவளுக்குப் பவர் பார்க்க வேண்டும். போன தடவை மைனஸ் மூன்று. எழுத்து எழுத்தாக வாசிக்க வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்ட பிறகு, பவர் சீட்டில் கையெழுத்துப் போடுமுன், அவளிடம் இன்னும் ஒன்று கேளுங்கள்: பள்ளியில் பி.டி. பீரியட் எத்தனை மணிக்கு என்று. பன்னிரண்டு மணிக்கு என்பாள். பழைய ஃபிரேம் ஒன்றை நான் கைப்பையில் கொண்டுவருகிறேன், இந்தத் தடவை பெட்டிக்குள் வைத்து.

இப்படிக்கு,
கண்ணாடி போட்ட ஒரு தாய்,
திருச்சி.