ஆறு பேட்டரியும் ஒன்றாகச் சார்ஜ் ஆகும் என்றீர்கள்: சார்ஜிங் கிட் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஆறு ஸ்லாட் சார்ஜிங் பிளேட்டுக்குப் போதுமான பவர் சப்ளை தராதது, சேவை மையத்தில் என்னை நடத்திய விதம், மாற்றித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயமாக நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்கையும் உங்கள் இணையப் படிவத்தில் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் புகார் எண் வந்தது. சில நாள் கழித்து "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. யார் தீர்த்தார்கள், என்ன செய்து தீர்த்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. என் மேஜையில் அந்தப் பிளேட் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. அதனால்தான் இந்த முறை தாளில் எழுதி, தபாலில் அனுப்புகிறேன்.

நான் வீடியோ எடுப்பவன். வெளியிடங்களில் கேமரா, மானிட்டர், எல்இடி விளக்கு எல்லாமே பேட்டரியை நம்பித்தான் ஓடுகின்றன. இரவு தங்குமிடத்துக்கு வந்தால் நான்கைந்து சார்ஜர், நான்கைந்து அடாப்டர், இருக்கிற இரண்டு பிளக் பாயின்டுக்கு அடிதடி. இதெல்லாம் வேண்டாம், ஒரே பெட்டி, ஒரே பவர் கார்டு, பேட்டரிகளை மாட்டிவிட்டுத் தூங்கப் போகலாம் என்றுதான் சார்ஜிங் பெட்டி செய்ய இறங்கினேன். உங்கள் கிட்டை வாங்கியதும் அதற்காகத்தான். பேட்டரிகளை மாட்டும் ஒரு பிளேட், அதில் வி-மவுண்ட் என்னும் பெரிய கேமரா பேட்டரிக்கு நான்கு ஸ்லாட், என்பி-எஃப் என்னும் சின்ன பேட்டரிக்கு இரண்டு ஸ்லாட், கூடவே பிளேட்டுக்கு மின்சாரம் தர 24 வோல்ட் 10 ஆம்பியர் பவர் சப்ளை. "ஆறும் ஒரே நேரத்தில், முழு வேகத்தில்" என்று அட்டையில் நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள்.

ஆறும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஆகவில்லை. காலி பேட்டரிகள் ஆறையும் மாட்டினால் ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடுகிறது. அதன் பிறகு பிளேட்டில் எல்லா விளக்கும் ஒன்றாக அணைகிறது. இரண்டு விநாடியில் திரும்ப வருகிறது. மறுபடி அணைகிறது. பவர் சப்ளைக்குள்ளிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 24, பூஜ்யம், 24, பூஜ்யம். இப்படியே விடிய விடிய. அது, சுமை தாங்காமல் பவர் சப்ளை தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் ஓவர்லோடு பாதுகாப்பு வேலை செய்யும் சத்தம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் பொருள், உங்களுக்குத் தெரியாததா? அப்படித்தான் நினைத்திருந்தேன், உங்கள் சேவை எண்ணுக்கு மூன்றாவது முறை பேசும் வரை.

அந்த அழைப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எடுத்தவர் என்னை முழுசாகப் பேச விடவில்லை. "உங்க பேட்டரி மட்டமான பேட்டரியா இருக்கும்" என்றார். வி-மவுண்ட் நான்கும் ஒரே நிறுவனத்து, 98 வாட்-அவர் கொள்ளளவுள்ள பேட்டரிகள், தனிச் சார்ஜரில் நன்றாக ஏறுகின்றன என்றேன். "அப்ப உங்க வயரிங் தப்பு" என்றார். வயரிங் எப்படிச் செய்தேன் என்று விளக்க ஆரம்பித்தேன். உடனே, "கரண்ட் தெரியாதவங்க பெட்டி செய்யக் கூடாது சார், ரெடிமேட் வாங்கிக்கணும்" என்று சொல்லி லைனைத் துண்டித்துவிட்டார். நான் திரும்ப அழைத்தேன். நாற்பது நிமிடம் இசை கேட்டேன். யாரும் எடுக்கவில்லை. தானாகச் செய்துகொள்பவர்களுக்கென்று ஒரு கிட்டை விற்றுவிட்டு, தானாகச் செய்தவனைப் பார்த்து உங்கள் ஊழியர் பேசும் பேச்சு இதுதானா? அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று நீங்கள்தானே முதலில் அறிவிக்கிறீர்கள், அந்தப் பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள்.

அவர் கேட்க மறுத்ததை இங்கே எழுதுகிறேன். பவர் சப்ளையிலிருந்து பிளேட்டுக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயர். பவர் சப்ளைக்குப் பக்கத்திலேயே முதன்மை ஃபியூஸ், ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனித்தனியாக 5 ஆம்பியர் ஃபியூஸ். பவர் சப்ளையின் உலோக உடலுக்கு எர்த். வயர் நுழையும் ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் வளையம். காற்று உள்ளே வர ஒரு ஃபேன், வெளியே போக ஒரு ஃபேன். இவ்வளவும் என் கையால் செய்தது. உங்கள் கையேட்டில் இருக்கும் படத்தைப் பாருங்கள், பவர் சப்ளையைச் சுற்றி நான்கு பக்கமும் ஃபோம் அடைத்திருக்கிறது! ஃபோம் சூட்டை வெளியே விடாது. நான் அந்தப் படத்தை நம்பாமல் அலுமினியத் தகட்டில் பொருத்தியதால்தான் பெட்டி இன்னும் முழுசாக இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன். உங்கள் பிளேட்டில் எழுதியிருப்பதையே எடுத்துக்கொள்வோம். வி-மவுண்ட் பேட்டரியில் நான்கு செல் வரிசை, நிறையும்போது 16.8 வோல்ட். ஸ்லாட்டுக்கு 3 ஆம்பியர் என்றால் 50.4 வாட். நான்குக்கு 201.6. என்பி-எஃப் நிறையும்போது 8.4 வோல்ட், 2 ஆம்பியர் வீதம் இரண்டுக்கும் 33.6. கூட்டினால் 235 வாட். உங்கள் பவர் சப்ளை 240 வாட். தாளில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும், அங்கேதான் உங்கள் வடிவமைப்பாளர் நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். 24 வோல்ட்டை 16.8 ஆகக் குறைக்கும் உங்கள் போர்டு சூடாகுமே, அந்த இழப்பு எங்கே? பத்தில் ஒரு பங்கு சூடாகப் போனால்கூட உள்ளே 261 வாட் வர வேண்டும். 240-ல் 261 எப்படி வரும்? பவர் சப்ளைக்கும் தனியாக இழப்பு உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஒரு மூடிய பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பை எரிய விட்டதற்குச் சமம். மூடியைப் பாதி திறந்து வைத்தே தெர்மாமீட்டர் 52 டிகிரி காட்டியது. லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்று பேட்டரியின் மேலேயே எழுதியிருக்கிறது. இந்த வகைப் பவர் சப்ளைகளும் சூடு ஏற ஏற முழுத் திறனைத் தருவதில்லை. ஆக 240 என்று நீங்கள் சொல்வதும் எனக்கு 240 ஆகக் கிடைப்பதில்லை.

ஏன் முதல் ஒரு மணி நேரம் ஓடுகிறது? காலி பேட்டரி 12 வோல்ட் பக்கத்தில் இருக்கிறது, அப்போது ஸ்லாட்டுக்கு 36 வாட்தான் போகிறது. மின்னழுத்தம் ஏற ஏற வாட்டும் ஏறுகிறது. பாதிக்கு மேல் நிறையும் நேரத்தில் பவர் சப்ளை திணறிவிடுகிறது. காலையில் எழுந்து பார்த்தால் நான்கு வி-மவுண்ட் பேட்டரியும் பாதியில் நிற்கின்றன. மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை இது.

சேவை மையத்துக்குப் போன கதையை விட்டுவிட்டேன். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். "பெட்டியோடு முழுசாகக் கொண்டு வாருங்கள்" என்று உங்கள் ஆள்தான் தொலைபேசியில் சொன்னார், தேதியும் நேரமும் என்னிடம் இருக்கிறது. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, பேட்டரிகளோடு அவ்வளவு கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். என் முறை வந்ததும் கவுண்டரில் இருந்தவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "பெட்டியெல்லாம் எடுக்க மாட்டோம், பிளேட்டை மட்டும் கழற்றிக் கொடுங்க" என்றார். பதினான்கு ஸ்க்ரூ. ஒரு ஸ்க்ரூடிரைவர் கொடுங்கள் என்று கேட்டேன். "வெளியாளுக்கு டூல்ஸ் கொடுக்கிறதில்லை." அது ஒரு சேவை மையம்! பின்னால் மேஜை நிறைய ஸ்க்ரூடிரைவர் கிடப்பது எனக்குக் கண்ணெதிரே தெரிகிறது. வெளியே போய் ஒன்று வாங்கி வந்து, அங்கே தரையில் உட்கார்ந்து கழற்றினேன். நிமிர்ந்தால், "இன்னிக்கு டோக்கன் முடிஞ்சுது, நாளைக்கு வாங்க" என்கிறார். அன்று நான் பட்ட அவமானத்தை என்னால் மறக்க முடியாது.

மறுநாளும் போனேன், கொடுத்தேன். ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தது, "பரிசோதிக்கப்பட்டது, குறை இல்லை" என்ற ஸ்டிக்கரோடு. எப்படிப் பரிசோதித்தீர்கள் என்று கேட்டதற்கு, ஒரு பேட்டரியை மாட்டி பத்து நிமிடம் பார்த்தார்களாம், பச்சை விளக்கு வந்ததாம். பச்சை வந்தது என்றால் அது ஏற்கெனவே நிறைந்த பேட்டரி! நிறைந்த பேட்டரி மின்சாரமே இழுக்காது. பவர் சப்ளையைக் கொண்டு வரச் சொல்லவே இல்லை, அவர்களுடைய மேஜைச் சப்ளையில் மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். குறை இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தேடினால் குறை எப்படித் தெரியும்? போதாததற்கு மூன்றாவது ஸ்லாட்டின் பூட்டு நாக்கு உடைந்து வந்திருக்கிறது. கொடுக்கும்போது எடுத்த படம் என்னிடம் இருக்கிறது.

இதற்கிடையில் ஒரு விடியற்காலைப் படப்பிடிப்பு. சூரியன் எனக்காகக் காத்திருக்காது. நான்கு பாதி பேட்டரியோடு போய், முக்கியமான நேரத்தில் விளக்கும் மானிட்டரும் அடுத்தடுத்து அணைந்து, என்னை நம்பி வந்தவர்கள் முன்னால் கைகட்டி நின்றேன். அவர்கள் இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள். இத்தனை வருடம் சேர்த்த பெயர் ஒரே காலையில் போய்விட்டது. இந்தக் கிட்டால் என் தொழிலே நின்றுபோனது என்றுதான் சொல்வேன். இதற்கு நீங்கள் என்ன ஈடு தர முடியும்?

இன்னொன்று, இது என் நஷ்டம் சம்பந்தப்பட்டதில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் விளம்பரப் படத்தில் பேட்டரிகள் ஸ்லாட்டிலேயே இருக்க, பெட்டி விமானத்தின் செக்-இன் லக்கேஜில் போகிறது. உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும், அதுவும் 100 வாட்-அவருக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அந்தப் படத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். யாராவது நம்பி அப்படியே செய்துவிடுவார்கள்.

ஐயா, நான் சண்டைக்கு வரவில்லை. பிளேட் நல்ல பொருள்தான். தனித்தனியாகப் பார்த்தால் ஆறு ஸ்லாட்டும் துல்லியமாக வேலை செய்கின்றன, 16.8-ல் சரியாக நிறுத்துகின்றன. அதோடு தந்த பவர் சப்ளைதான் போதவில்லை. அதை மாற்றி, 24 வோல்ட் 15 ஆம்பியர், அதாவது 360 வாட் கொண்ட ஒன்றைத் தாருங்கள். பிளேட்டின் உள்ளீட்டு கனெக்டர் அதைத் தாங்குமா என்பதையும் நீங்கள்தான் எழுத்தில் சொல்ல வேண்டும். உடைந்த பூட்டு நாக்கையும் மாற்றித் தர வேண்டும். இது முடியாது என்றால் கிட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் கொடுத்துவிடுங்கள். லைனைத் துண்டித்தவரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லவில்லை, ஆனால் அவர் என்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள், பெயரும் கையெழுத்தும் உள்ள பதில் வர வேண்டும். தானாக வரும் மின்னஞ்சலைப் பதிலாக ஏற்க மாட்டேன். வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். ரசீது, நான்கு புகார் எண், டோக்கன் சீட்டு இரண்டு, மல்டிமீட்டர் பூஜ்யத்துக்கும் 24-க்கும் இடையே குதிக்கும் வீடியோ, எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். வீடியோ எடுப்பது என் தொழில், அதில் எதுவும் விட்டுப்போயிருக்காது.

அதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தைப் படிப்பவர் யாராக இருந்தாலும், உங்கள் கிடங்கிலிருந்து பிரிக்காத ஒரு கிட்டை எடுங்கள். ஆறு காலி பேட்டரியை மாட்டுங்கள். கையேட்டுப் படத்தில் இருக்கிற மாதிரியே பெட்டியில் வையுங்கள். இரண்டு மணி நேரம் அதன் பக்கத்திலேயே உட்காருங்கள். அந்த டிக், டிக் சத்தம் உங்களுக்கும் கேட்கும். கேட்டதும் எனக்குத் தொலைபேசி செய்யுங்கள், எண் ரசீதில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், டோக்கன் சீட்டுகளின் நகல், பிளேட்டைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடுத்த படங்கள்.