கரண்டி விசயமாக மகனுக்கு

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

இங்கு நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். உன் சுகத்துக்குத் திருச்செந்தூர் முருகன் துணை.

மூன்றாம் குறுக்குத் தெரு டீச்சரின் மகள் வருகிற புதன்கிழமை கனடாவுக்குக் கிறுகிப் போகிறாள். ஏழு கிலோவுக்குமேல் ஏற்க மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதில் ஆறரைக் கிலோ அம்மாவின் தூளும் கருவாடும். மிச்சம் இருக்கிற அரைக் கிலோவுக்குள் இந்தக் கடுதாசியும் ஒரு மஞ்சள் உறையும். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ "ஓம் அப்பா", "சரி அப்பா", "வைக்கிறன் அப்பா" என்று மூன்று வசனம்தான் பேசுகிறாய். கடுதாசியை அப்படிப் பாதியில் வைக்க ஏலாது.

நீ கேட்டது மீன் பிடிக்கத் தூண்டில் நுனியில் கட்டுகிற, இருட்டில் ஒளிரும் ஸ்பூன் பற்றி, அந்தக் கரண்டித் தகடு. "விலை குறைஞ்சதாப் பாத்து நல்லதை எப்படி எடுக்கிறது அப்பா" என்று எழுதியிருந்தாய். முப்பது வருசமாகப் பாலத்தில் நின்று தங்கூசி எறிகிறவனிடம் மகன் யோசனை கேட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்! அன்று பின்னேரமே பழைய பாலத்தில் நின்ற அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டேன். போன வருசம் நீ பிடித்த சமன் மீனின் படத்தையும் காட்டினேன். அவர்கள் சமனை ரின்னில் மட்டும் கண்டவர்கள், அதற்குள் கிடப்பதும் மக்கரல்தான். "இவ்வளவு பெரிசா?" என்று கேட்டார்கள். என் மகன் இதைவிடப் பெரியதும் பிடித்திருக்கிறான் என்று ஒரு பொய்யும் சொன்னேன்.

ஆனால் மனே, உன் செய்தி எங்களுக்கு வந்தது பகல் பன்னிரண்டரைக்கு. அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தா. ஒன்பதரை மணித்தியாலத்தைக் கழித்தால் உனக்கு விடியக்காலம் மூன்று மணி. செவ்வாய்க்கிழமை. அடுத்த படம் வியாழக்கிழமை, அதே நேரம். முந்தி நீ சனிக்கிழமைகளில்தான் போவாய், அந்த யாழ்ப்பாணத்துப் பொடியனோடு. இந்தப் படத்தில் ஒரு வாளி, ஒரு தடி.

அது கிடக்கட்டும். கரண்டிக்கு வருவோம்.

கடையில் இரண்டு சாதி தொங்கும். ஒன்று வள்ளத்துக்குப் பின்னால் கட்டி இழுக்கிறது. தகடு மெல்லிசு, இலை மாதிரி ஆடும், பார்க்கக் கொள்ளை வடிவு. பெட்டியில் மயங்கி வாங்குகிறவர்கள் அதைத்தான் வாங்குவார்கள். இறங்குதுறையில் நின்று அதை எறிந்தால் காற்று பிடித்து உன் காலடிக்கே கொண்டுவந்து போடும். உனக்கு வேண்டியது தடித்த தகட்டில் செய்த, எறிகிற கரண்டி. முக்கால் அவுன்ஸ், அதாவது 21 கிராம். எதிர்க்காற்று என்றால் ஒரு அவுன்ஸ். லிட்டில் கிளியோ என்று ஒன்று அங்கு எல்லாக் கடையிலும் கிடைக்கும் என்று நீயே முன்பு சொன்னாய், கூன் விழுந்த மாதிரி இருக்குமே, அது போதும். நிறை உறையின் பின்பக்கம் அச்சடித்திருக்கும். வாசித்துப் பார்த்து வாங்கு. நீ சின்னனிலிருந்தே பின்பக்கம் வாசிக்கிற பிள்ளை இல்லை.

அடுத்தது, 'யூவி' என்று போட்டிருப்பது வேறு, ஒளிர்வது வேறு. இதில்தான் காசு வீணாகும். யூவி நிறம் புறஊதாக் கதிர் பட்டால் மினுங்கும், கதிர் இல்லாவிட்டால் அணைந்துபோகும். விடியலுக்கும் மங்கலான பகலுக்கும் அது சரி, நடுச்சாமத்துக்குச் சரிவராது. ஒளிர்வது வெளிச்சத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல விடும். அதிலும் இரண்டு வகை. பழைய வகை துத்தநாகச் சேர்மம், கொஞ்ச நேரத்திலேயே மங்கிப்போகும். 1990களில் ஜப்பான்காரர் கண்டுபிடித்த ஸ்ட்ரோன்சியம் மா பூசியது மணிக்கணக்காக நிற்கும். பொம்மைகளில் ஒட்டுகிற மலிவான மினுக்கமெல்லாம் பெரும்பாலும் பழையதுதான்.

இதைக் கண்டுபிடிக்க வழி சுலபம். பஜாரில் மீன்பிடிச் சாமான் விற்கிற கடைக்குப் போய் நானே செய்து பார்த்தேன். ரோச்சை ஐந்து செக்கன் பிடித்து, கரண்டியை இரண்டு உள்ளங்கைக்குள் பொத்தி, கட்டைவிரல் இடைவெளியால் ஒற்றைக் கண் வைத்துப் பார்க்க வேண்டும். வெளியில் வெயில், ஒன்றும் தெரியவில்லை. தோளில் கிடந்த சால்வையைத் தலையால் போட்டுக்கொண்டு குனிந்தேன். கடைப் பொடியன் நான் மயங்கி விழுகிறேன் என்று கதிரை கொண்டு ஓடிவந்தான். ஆனால் தெரிந்தது மனே. ஐந்தில் இரண்டு, கதிரையில் இருந்து சோடா குடித்து முடிக்குமட்டும் பச்சையாய் நின்றது. மற்ற மூன்றும் சோடா வருமுன்னமே செத்துப்போயின.

பச்சை எடு. நீலமும் ஒன்று வைத்துக்கொள். முழுக்க ஒளிர்வதைவிட, பாதி வெள்ளியும் பாதி ஒளிர்வதுமாக வரி போட்டது நிலாக்காலத்தில் நல்லது. தெளிந்த தண்ணீரில் வெளிச்சம் கூடினால் மீன் விலகும். இங்கு பாலத்து லைட் விழுகிற இடத்திலும் கொடுவா வெளிச்சத்தின் நடுவில் நிற்காது, இருட்டும் வெளிச்சமும் சேர்கிற ஓரத்தில்தான் நிற்கும். உனக்குத் தெரியாததா? அந்த ஓரத்தைக் காட்டித் தந்தவனே நான். அதனால் ரோச் பிடித்த உடனே விழுகிற முதல் எறியில் கடிக்கவில்லை என்று கரண்டியை மாற்றாதே. மூன்றாம் நான்காம் எறியில் கொஞ்சம் அடங்கும்போதுதான் அடிக்கும். பத்து எறிக்கு ஒருக்கா ரோச் பிடி. ஊதா ரோச் என்றால் சில செக்கன் போதும், போன் வெளிச்சம் என்றால் கூட நேரம் வேண்டும். ரோச்சைத் தண்ணீருக்கு முதுகு காட்டிப் பிடி. கிழக்கு வெளுத்ததும் ஒளிர்வதைக் கழற்றிவிட்டு வெள்ளி கட்டு.

இழுக்கிறது மெதுவாக. இன்னும் மெதுவாக. ஆற்றுக்கு ஏற வந்து நிற்கிற சமன் தின்னாதாமே, வயிறே சுருங்கிப்போகுமாமே. அப்படியானால் கரண்டியை அது கடிப்பது பசியில் இல்லை, எரிச்சலில். மூக்குக்கு முன்னால் ஆறுதலாய்ப் போனால்தான் எரிச்சல் வரும். அம்மா சொல்கிறா, படத்தில் உன் கழுத்தெலும்பு தெரிகிறதாம். நீயாவது சாப்பிடுகிறாயா?

தனியப் போகாதே. அந்தக் குளிர்த் தண்ணீர் நம் வாவித் தண்ணீர் இல்லை. விழுந்தால் முதல் ஒரு நிமிசம் மூச்சு நம் சொல் கேட்காதாம், நீந்தத் தெரிந்தவனும் அந்த நேரத்தில்தான் தண்ணீர் குடிப்பானாம். காற்றடிக்கிற இரவில் அலை கல்லுக்கு மேலால் வரும். மிதவைச் சட்டை போடு. கூட ஒரு ஆள் வேண்டும், நீட்டுக் காம்பு வலை பிடிக்கவாவது வேண்டும். தனியப் போகாதே.

ஊர்ப் புதினம் ஒன்றிரண்டு. மாமாவின் அந்தக் காணி விசயம் இன்னும் இழுபடுகிறது. கறுப்பி நான்கு குட்டி போட்டிருக்கிறது. மழை இன்னும் தொடங்கவில்லை, முகத்துவாரம் மூடித்தான் கிடக்கிறது. நம் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் கேட்க வந்த ஒரு வெள்ளைக்காரச் சோடி நேற்றுப் பாலத்தில் என்னிடம் மீன் எப்போது பாடும் என்று கேட்டது. எனக்குக் கடிக்கிற மீனெல்லாம் ஏச்சுத்தான் ஏசும் என்று சொல்ல இங்கிலீசு வரவில்லை.

இனி மஞ்சள் உறை. விலை குறைந்தது வேண்டும் என்று நீ எழுதினாய் அல்லவா. முந்தி பெட்டி பெட்டியாய் வாங்குவாய், ஒன்று அறுந்து போனால் சிரிப்பாய். விலை கேட்டது இதுதான் முதல் தரம். அதனால் நானே இரண்டு செய்தேன். அம்மாவின் பழைய தடித்த பித்தளைக் கரண்டிகள். காம்பை வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்து, இரண்டு முனையிலும் துளை போட்டேன். நகைக்கடைத் தராசில் நிறுத்தால் ஒன்று 22 கிராம், மற்றது 24. நகைக்கடைக்காரர் இது எந்தச் சாமியின் நகை என்று கேட்டார். முதலில் வெள்ளைப் பெயின்ற் இரண்டு பூச்சு. அது இல்லாவிட்டால் ஒளிர்வது பாதிதான் தெரியும். அதற்குமேல் ஒளிர்கிற மா கலந்தது மூன்று பூச்சு. கடைசியில் வார்னிஷ். அந்த மாவுக்குத் தண்ணீர் எதிரி, வார்னிஷ் எங்காவது உரிந்தால் திரும்பப் பூசு. மும்முள்ளுக்குப் பதில் ஒற்றை முள் போட்டிருக்கிறேன். வலையில் சிக்காது, மீனைக் கழற்றி விடவும் லேசு. உடம்பில் முள் பட்ட மீனை அங்கு வைத்திருக்கக் கூடாது என்றாயே, அதற்கும் நல்லது.

முந்தி ஒருவர் கரண்டியில் மீன் பிடித்ததும் இப்படித்தானாம். அமெரிக்காவில் பியூல் என்று ஒருவர். வள்ளத்தில் இருந்து சாப்பிடும்போது கரண்டி கைதவறித் தண்ணீரில் விழ, பெரிய மீன் ஒன்று பாய்ந்து கவ்வியதாம். காம்பை வெட்டி முள் வைத்தார், 1852 இல் உரிமமும் எடுத்தார். மீன் கவ்விய கதை மெய்யோ பொய்யோ, அம்மாவிடம் அதைச் சொல்லித்தான் கரண்டிகளை வாங்கினேன்.

காசு ஐந்தாம் திகதி வந்தது. எப்போதும் போல அதே தொகை. இனி அனுப்பாதே. எங்களுக்குப் பென்சன் காணும். இல்லை, அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. அனுப்ப ஏலாத மாதம் அனுப்பாமல் விட்டால் இங்கு ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டோம் என்று சொல்கிறேன். அம்மம்மாவின் திவசத்துக்கு நீ போன் எடுக்காததைக்கூட நான் கேட்கவில்லை. அம்மா அன்று இரவு போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தா. அதையும் கேட்கவில்லை.

1998 இல் நான் நான்கு மாதம் கந்தோருக்குப் போகவில்லை. உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியும்.

களஞ்சியத்தில் சாமான் குறைந்தது. எடுத்தவன் வேறு ஆள். எண்ணிப் பார்க்காமல் கையெழுத்து வைத்தவன் நான். நிற்பாட்டினார்கள். அன்று வீட்டுக்கு வந்து சொல்ல வாய் வரவில்லை, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் அம்மா சோத்துப் பார்சல் கட்டி நீட்டினா, வாங்கிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். வெள்ளைச் சேட்டோடு பாலம் வரைக்கும் போய், செக்பொயின்ற் வரிசையைப் பார்த்துவிட்டுக் கிறுகி, உப்போடைக் கரையில் அந்தச் சாய்ந்த தென்னைக்குக் கீழே. பிடித்ததைக் கரையிலேயே விற்றேன். வீட்டுக்குக் கொண்டுவந்தால் பிடிபடுவேன் அல்லவா. சம்பள நாளில் அம்மாவின் காப்பைப் புதுக்கக் கொடுக்கிறேன் என்று சொல்லி ஈடு வைத்தேன்.

பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்ட ஒருநாள் நீ கண்டாய். ஒன்பது வயது. "அப்பா, கந்தோர் இல்லையா?" என்று கேட்டாய். கேட்ட வாய்க்கே அடித்தேன். பிறகு பயந்துபோய் ஐஸ்பழம் வாங்கித் தந்து, இது ஆம்பிளைகள் விசயம், வீட்டில் கதைக்கக் கூடாது என்றேன். நீ கதைக்கவில்லை. உதடு ஏன் வீங்கியது என்று அம்மா கேட்க, விழுந்துவிட்டேன் என்றாய். திரும்பி என்னைப் பார்க்கவும் இல்லை. வகுப்பில் முதலாம் பிள்ளையாய் வந்த பாடங்களை எல்லாம்விட அந்தப் பாடத்தைத்தான் நீ நன்றாகப் படித்திருக்கிறாய். படிப்பித்தவன் நான்.

அந்த நான்கு மாதமும் ஒரு நாள்கூட எனக்கு மீன் பிடிக்கிற சந்தோசம் இருக்கவில்லை. மிதவையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், கடித்தாலும் தெரியாது. பக்கத்தில் ஒரு ஆள் வந்து இருந்தால் போதும் என்றிருக்கும். வந்த ஒரே ஆளை அடித்து அனுப்பினேன்.

இதை எழுத இருந்தவன் இல்லை நான். கிழித்துவிட்டுக் கரண்டியை மட்டும் எழுதலாம் என்று பார்த்தால், தாள் முடிந்துபோய்ப் பேத்தியின் பழைய கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. பெயின்ற் பூசுகிற முறை எழுதுகிறேன் என்று சொன்னேன். காப்பு விசயம் அவவுக்குத் தெரியாது. நீயும் சொல்லாதே. இல்லை, அதை நானே சொல்கிறேன்.

இரண்டு கரண்டியில் 24 கிராம்தான் நன்றாக ஆடுகிறது, பாலத்தில் எறிந்து பார்த்தேன். அதை அறுத்துவிடாதே. அறுந்தாலும் பரவாயில்லை, வீட்டில் இன்னும் நான்கு இருக்கிறது.

நான் இப்போது பகல் பன்னிரண்டரைக்குத்தான் சாப்பிடுகிறேன், போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அம்மா அந்த நேரம் கோழிகளோடு பின்வளவில் நிற்பா. நவம்பரில் உங்கள் நேரம் மாறினால் நானும் ஒன்றரைக்கு மாற்றுகிறேன்.

அப்பா