பாப்பாவுக்கு, பழைய படங்கள் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டு சீரியல் பார்க்கிறாள். அன்றைக்குப் போனில் நீ "பழைய படமெல்லாம் நாடகம் மாதிரி இருக்குப்பா, எல்லாரும் கத்துறாங்க" என்று சொன்னாய், பின்னால் மாப்பிள்ளை சிரித்ததும் கேட்டது. போனில் பதில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நான் ஒன்றும் சினிமா கரைத்துக் குடித்தவன் இல்லை. மதுரையில் வேலை முடிந்து இரண்டாம் ஆட்டத்துக்கு ஓடிய கூட்டத்தில் ஒருத்தன், இப்போது யூடியூபில் ஓசியில் பார்க்கிறவன். எனக்கு எது பிடித்ததோ, எது பிடிக்கவில்லையோ, அதைத்தான் சொல்லப்போகிறேன்.

கத்துகிறார்கள் என்பது வாஸ்தவம்தான். பாசமலரையே எடுத்துக்கொள். 1961இல் வந்தது, அம்மாவுக்கு உயிர். சிவாஜி, சாவித்திரி நடிப்பை யாரும் குறை சொல்ல முடியாது, பாட்டுகளும் அப்படித்தான். ஆனால் கடைசி அரை மணி நேரம் படம் நம்மோடு மல்லுக்கு நிற்கும், அழுகிறாயா இல்லையா என்று. எனக்கு அந்த வற்புறுத்தல் ஆகாது, அழ வேண்டுமென்றால் நானாக அழுதுகொள்வேன். வேடிக்கை என்னவென்றால், அதை எடுத்த அதே பீம்சிங்தான் 1977இல் ஜெயகாந்தனின் நாவலை வைத்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எடுத்தார். அதில் யாரும் நம்மைக் கெஞ்சுவதில்லை. லட்சுமிக்கு அந்தப் படத்துக்குத்தான் தேசிய விருது. ஒரே ஆள் எடுத்த படங்கள் என்று சொன்னால் நம்ப மாட்டாய். இரண்டையும் அடுத்தடுத்த நாள் பார், பழைய படம் எல்லாம் ஒரே ரகம் என்ற பேச்சே அப்புறம் உன் வாயில் வராது.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். படத்தின் பெயரே 'அந்த நாள்'தான். 1954, ஏ.வி.எம். தயாரிப்பு, இயக்கம் எஸ். பாலச்சந்தர். ஆமாம், வீணை பாலச்சந்தரேதான், பின்னாளில் பத்மபூஷண் வாங்கியவர். சங்கீதத்தில் ஊறிய அந்த மனுஷன் எடுத்த படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது, சண்டையும் கிடையாது. படம் ஆரம்பித்ததும் துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி சுருண்டு விழுந்து செத்துப்போகிறார். பராசக்தி வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத நேரம் அது, ஊரே அந்த வசனத்தைப் பேசிக்கொண்டு திரிந்த காலம். அப்பேர்ப்பட்ட ஆள் முதல் காட்சியிலேயே பிணம், அதற்கப்புறம் கதையில் தேசத்துரோகி வேஷம். இன்றைக்கு எந்த ஹீரோ ஒத்துக்கொள்வார், சொல் பார்ப்போம்.

கதை நடப்பது 1943 அக்டோபரில், ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதே, அதற்கு மறுநாள் காலையில். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, மனைவி என்று ஒவ்வொருவராக விசாரணை நடக்கிறது. ஒவ்வொருவரும் சொல்லும்போது செத்தவன் வேறு வேறு ஆளாகத் தெரிகிறான். விசாரிக்கும் சி.ஐ.டி. அதிகாரியாக நடித்தவர் ஜாவர் சீதாராமன், திரைக்கதை வசனமும் அவர்தான். இவரைக் கொஞ்சம் கவனி. சிவாஜியும் பண்டரிபாயும் பேசுவதை எல்லாரும் பார்ப்பார்கள், அது இருக்கட்டும். இந்த மனுஷன் கேட்கிறார் பார், அதுதான் படம். எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தும் முகத்தில் ஒன்றையும் காட்டாமல், இன்னும் சொல்லுங்கள் என்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார். வந்தபோது படம் சரியாகப் போகவில்லை, பாட்டில்லாத படத்தை ஜனங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. தேசிய விருதில் நற்சான்றிதழ் கொடுத்தார்கள். கொலைகாரர் யார் என்று சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை இடைவேளைக்குள் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த தடவை வரும்போது அவருக்கு மட்டும் கறிதோசை.

இதைச் சொன்னதும் நான் படம் பார்க்கிற முறையையே சொல்லிவிடுகிறேன். நான் பேசுகிறவரைப் பார்ப்பதில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறவரைப் பார்ப்பேன். வசனம் பேசுகிறவருக்கு யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள், அவர் சமாளித்துவிடுவார். சும்மா நிற்கிற ஆள்தான் சொந்தச் சரக்கைக் காட்டியாக வேண்டும். இதற்கு நீ பாடம் படிக்க வேண்டுமென்றால் 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் கதை சொல்கிற காட்சி. 1964இல் ஸ்ரீதர் எடுத்தது, துண்டு துண்டாக உன் போனிலும் வந்திருக்கும். படம் எடுக்கிறேன், பணம் கொடு என்று அப்பன் உயிரை வாங்குகிற பையன், ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளி, அப்பாவை உட்கார வைத்துப் பேய்க்கதை சொல்கிறான். கதவு கிறீச்சிடுவதிலிருந்து எல்லாச் சத்தமும் நாகேஷ் வாயாலேயே வருகிறது. எல்லாரும் நாகேஷைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நீ பாலையாவைப் பார். அந்தக் காட்சியில் அவருக்கு வசனம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கண் விரிகிறது, உடம்பு ஒடுங்குகிறது, வேண்டாம்டா என்று சொல்லவும் மனசில்லை, கேட்கவும் தைரியமில்லை. நாகேஷ் என்ன சொன்னார் என்று உனக்கு மறந்துபோகும், பாலையா பயந்தது மறக்காது. இத்தனைக்கும் அந்தப் படத்தில் காதல் பகுதியை நான் இப்போதெல்லாம் ஓட்டிவிட்டுத்தான் பார்க்கிறேன், பாட்டு வந்தால் மட்டும் நிறுத்துவேன்.

'பொம்மை' என்று ஒரு படம், அதுவும் பாலச்சந்தர்தான், அதே 1964. ஒரு பொம்மைக்குள் குண்டு வைத்துவிடுகிறார்கள், அந்தப் பொம்மை கை மாறிக் கை மாறி ஊரைச் சுற்றுகிறது. நடுவில் கொஞ்சம் இழுக்கும். ஆனால் முடிந்ததும் அணைத்துவிடாதே, படத்தில் வேலை செய்தவர்களைத் திரையிலேயே கொண்டுவந்து நிறுத்தி அறிமுகம் செய்கிறார், அதற்காகவே கடைசிவரை உட்காரலாம். யேசுதாஸின் ஆரம்பகாலத் தமிழ்ப் பாட்டு ஒன்றும் இதில் இருக்கிறது.

அடுத்தது நீ கட்டாயம் பார்க்க வேண்டியது, உன் வயதுக்கு. 'அவள் அப்படித்தான்'. 1978 தீபாவளிக்கு வந்தது, இயக்குநர் ருத்ரய்யா. அதே தீபாவளி சமயத்தில்தான் கமலின் சிகப்பு ரோஜாக்களும், கூட்டமெல்லாம் அந்தப் பக்கம். கறுப்பு வெள்ளையில் வந்த இந்தப் படத்தை அப்போது கண்டுகொண்டவர்கள் குறைவு. கமல் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறவர், ரஜினி விளம்பரக் கம்பெனி முதலாளி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கிளாஸ். அங்கே வேலை பார்க்கிற மஞ்சுவாக ஸ்ரீப்ரியா. குறை இல்லாமல் இல்லை, சில இடங்களில் ஆளுக்கு ஆள் கட்டுரை வாசிப்பது போலப் பேசுகிறார்கள், எனக்கு அலுத்தது. ஆனால் கடைசிக் காட்சி, ஒரு கார். கமல் இன்னொரு பெண்ணைக் கல்யாணம் செய்து கூட்டி வருகிறார், அது சரிதா. மஞ்சு அவளிடம் பெண் விடுதலையைப் பற்றி என்ன நினைக்கிறீங்க என்று கேட்கிறாள். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள் அந்தப் பெண், ரொம்ப சாதாரணமாக. அதனால்தான் சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்கிறாள் மஞ்சு. படம் முழுக்க எல்லாரும் பேசித் தீர்த்ததை எல்லாம் சரிதா ஒரு வரியில் ஓரம் கட்டிவிட்டுப் போகிறாள். அந்த நேரம் கமல் முகத்தைப் பார், வசனம் இல்லை அவருக்கு. ருத்ரய்யா அதற்கப்புறம் 'கிராமத்து அத்தியாயம்' ஒன்று எடுத்தார், அவ்வளவுதான். இன்னும் நாலு படம் எடுத்திருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

மகேந்திரனைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, 'முள்ளும் மலரும்' நீயே பார்த்திருக்கிறாய். 'உதிரிப்பூக்கள்' பார்த்தாயா? 1979, புதுமைப்பித்தனின் சிற்றன்னையிலிருந்து ஒரு நூல் பிடித்து எடுத்தது. அதில் விஜயன் கெட்டவர், ஆனால் சத்தம் போடுகிற கெட்டவர் இல்லை, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அமைதியாகக் கொடுமை செய்கிற ரகம். உங்களுக்குக் கத்தாத படம்தானே வேண்டும், இதோ.

நம் மொழிக்கு வெளியே ஒன்று சொல்கிறேன். தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மதியம் காது கேளாதவர்களுக்கான செய்தி முடிந்ததும் மாநில மொழிப் படம் போடுவார்கள், விருது வாங்கிய படங்களாகத்தான் இருக்கும். தெருவில் பாதிப் பேர் டி.வி.யை அணைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். எனக்கு அந்த நேரம் பிடிக்கும். மலையாளத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' அந்த ரகம்தான், 1981இல் எடுத்தது, லண்டனில் விருது வாங்கியது. பழைய பெரிய வீடு, அதில் ஒரு ஆம்பிளை. பசு உள்ளே நுழைந்து தென்னங்கன்றைத் தின்றாலும் எழுந்து விரட்ட மாட்டார், தங்கச்சியைக் கூப்பிடுவார். வெந்நீர் வேண்டுமென்றாலும் தங்கச்சிதான். அந்தத் தங்கச்சி சாரதா, 'குங்குமம்' படத்தில் சிவாஜியோடு நடித்தவர். எலிப்பொறியில் மாட்டும் எலியை இளைய தங்கச்சி குளத்தில் முக்கிக் கொல்வாள். படம் மெதுவாகத்தான் நகரும், சாப்பிட்ட உடனே பார்த்தால் தூங்கிவிடுவாய், காலையில் பார். எந்த வீட்டிலும் இந்த ஆள் உண்டு, நம் சொந்தத்தில் யார் என்று உனக்கே தெரியும், பெயர் எழுத மாட்டேன்.

இதையெல்லாம் பார்க்காவிட்டாலும் போகிறது, ஒன்றை மட்டும் இந்த மாசமே இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். பாலுமகேந்திராவின் 'வீடு', 1988. ஆபீஸ் வேலைக்குப் போகிற பெண், தாத்தா, தங்கச்சி, வாடகை வீடு. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறார், வாடகைக்கு அலைந்து பார்த்து முடியாமல் சொந்தமாகவே கட்டிவிடலாம் என்று இறங்குகிறார்கள். அதற்கப்புறம் நடப்பதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான், கடன், பிளான், காண்ட்ராக்டர், சிமெண்ட் மூட்டை காணாமல் போவது. அதைக் கண்டுபிடித்துச் சொல்வது சித்தாள் வேலை செய்கிற மங்கம்மா. சண்டைக்காட்சியில் வராத படபடப்பு எனக்கு அந்தச் சிமெண்ட் மூட்டைக்கு வந்தது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது. பாட்டு கிடையாது, இளையராஜா முன்பே செய்திருந்த 'ஹவ் டு நேம் இட்' இசையை அங்கங்கே வைத்திருக்கிறார்கள்.

தாத்தாவாக வருபவர் சொக்கலிங்க பாகவதர். நாடக மேடையிலிருந்து வந்த மனுஷன், மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசிப் பழகியவர், இதில் எவ்வளவு மெல்லப் பேசுகிறார் பார். பாதி கட்டிய வீட்டைப் பார்க்க ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கிளம்பிப் போவார். பூசாத சுவர், ஜன்னல் வைக்காத ஓட்டை, அதையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். வசனம் இல்லை. நாடகம் மாதிரி இருக்கு என்று சொன்னாயே, அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. முடிவில் ஒரு அரசாங்க அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார்கள், அதற்கு மேல் சொல்ல மாட்டேன், பார்த்துத் தெரிந்துகொள்.

எதற்கு இந்த மாசமே என்றால், பெங்களூரில் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுக்கப்போவதாக மாப்பிள்ளை சொன்னார். கொடுங்கள், சந்தோஷம்தான், வாடகைக்குக் கொட்டிக்கொண்டே இருக்க முடியாது. ஆனால் நிலம் யார் பெயரில் இருக்கிறது, ஏதாவது கையகப்படுத்தல் நோட்டீஸ் இருக்கிறதா என்று விசாரித்தீர்களா? வில்லங்கச் சான்றிதழ் 30 வருஷத்துக்குப் போட்டுப் பார்க்கச் சொல். பில்டர் காட்டுகிற நகலை நம்ப வேண்டாம், நீங்களாக ஒரு வக்கீலைப் பிடித்துக் காட்டுங்கள், அவர் கேட்கிற ஃபீஸுக்கு யோசிக்காதே, நான் அனுப்புகிறேன். தாய்ப்பத்திரம் கன்னடத்தில் இருந்தாலும் பரவாயில்லை, எனக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு காப்பி போட்டு வை, இங்கே பத்திர எழுத்தர் ஒருவர் ஓசூர்க்காரர், அவருக்குக் கன்னடம் படிக்க வரும்.

அன்புடன்,
அப்பா