புயல் நாளில் டயாப்லோ

ரோஸ் ஹில், மொரிஷியஸ்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். போன் பண்ணினால் அம்மாவே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்கிறார், "சாப்பிட்டியா, தலைக்கு எண்ணெய் வெச்சியா" என்று. உனக்குச் சொல்ல வேண்டியது நிற்கிறது, அதனால்தான் கடிதம். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது நடுவில் கொஞ்சம் விட்டுவிடு.

போன வாரம் புயல். இங்கே எச்சரிக்கையை 1 முதல் 4 வரை வகுப்பாகச் சொல்கிறார்கள். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் 4. 3 சொன்னதுமே ஆபீஸ், கடை, பஸ் எல்லாம் நின்றுவிட்டன. வீட்டுக்காரம்மா மெழுகுவர்த்தி, டின் மீன், பிஸ்கட் எல்லாம் முன்பே வாங்கி அடுக்கியிருந்தார். கோவிலில் தமிழில் கணீரென்று பாடுவார், வீட்டில் பேசுவது முழுக்கக் கிரியோல், இந்த ஊர்ப் பேச்சு மொழி. எனக்கும் இப்போது பாதி புரிகிறது. அவர் மகன் என்னை 'தாந்தின்' என்பான், நம் சித்தி, அத்தை மாதிரி. கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவன்தான் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். டயாப்லோ என்கிற கம்ப்யூட்டர் ஆட்டம், முதல் பாகம்!

நாலாம் பாகம் ஆடுகிறவன் நீ, இதைப் பார்த்தால் சிரிப்பாய். 1997 புத்தாண்டை ஒட்டி வந்த ஆட்டம். இன்டர்நெட் வேண்டாம், அதனால் புயலைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. வாரியர், ரோக், சோர்சரர் என்று மூன்று பேர். நான் ரோக்கை எடுத்தேன், வில்லுக்காரி. ட்ரிஸ்ட்ரம் என்கிற ஊர், அங்கே பாழடைந்த பெரிய சர்ச், அதற்குக் கீழே 16 தளங்கள். இறங்குவது, அடிப்பது, கிடைத்ததைப் பொறுக்குவது, மேலே வந்து விற்பது. கதை அவ்வளவுதான் என்று வைத்துக்கொள். ஆனால் ஒவ்வொரு புது ஆட்டத்திலும் தளங்களின் அமைப்பே மாறிவிடுகிறது. பையன் மனப்பாடமாக வழி சொல்லப் பார்த்தான், பலிக்கவில்லை.

இதில் ஓடவே முடியாது, தம்பி. நடைதான். மருந்து வாங்க ஆற்றைத் தாண்டி ஏட்ரியா என்கிற மந்திரக்காரி குடிசைக்குப் போவதென்றால் பொறுமை போய்விடும். தங்கக் காசும் பையில் இடம் பிடிக்கும், ஒரு கட்டத்துக்கு 5000. 40 கட்டம்தான் மொத்தமே. பெட்டகம் கிடையாது. மிஞ்சினதை ஊருக்கு நடுவில் தரையிலேயே கொட்டிவிட்டுப் போகலாம், யாரும் தொட மாட்டார்கள்! மரக்கால் பையன் ஒருவன் இருக்கிறான், விர்ட். கையில் என்ன இருக்கிறது என்று காட்டுவதற்கே 50 காசு கேட்பான். பெரியவர் கெய்ன் 100 வாங்கிக்கொண்டு பொருளின் குணத்தைச் சொல்வார். அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

உன் ஆட்டத்தில் சுற்றிலும் நூறு பேர் செத்து விழுவார்கள், நீ திரையைக்கூட சரியாகப் பார்க்க மாட்டாய். இதில் இரண்டு எலும்புக்கூடு வந்தாலே பின்வாங்கலாமா என்று யோசிக்க வேண்டும். அம்பு விட விட வில்லும் தேயும், கொல்லரிடம் கொடுத்துப் பழுது பார்க்க வேண்டும். அந்தக் கணக்குதான் எனக்கு ருசி. முதலில் இதைச் சதுரங்கம் மாதிரி மாறி மாறி ஆடுகிற ஆட்டமாகத்தான் திட்டமிட்டார்களாம், பிறகுதான் காத்திருக்காமல் உடனுக்குடன் அடிக்கிற வேகத்துக்கு மாற்றினார்களாம். எனக்கு ஆச்சரியமே இல்லை, அந்த யோசிக்கிற குணம் இன்னும் உள்ளே இருக்கிறது.

இரண்டாம் தளத்தில் ஒரு அறை, தரையெல்லாம் ரத்தம். கதவைத் திறந்ததும் "புது இறைச்சி!" என்று ஆங்கிலத்தில் ஒரு குரல். புட்சர். தடியன், கையில் வெட்டுக்கத்தி, என்னைவிட வேகம். இரண்டு வெட்டு, முடிந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே ஏதோ தகரம் பறந்து சுவரில் மோத, நான் போட்ட கத்தலில் வீட்டுக்காரம்மா ஜெபமாலையோடு ஓடி வந்தார். (ருத்ராட்சம். சிவ பக்தை.) பையன் உருண்டு சிரித்தான். அப்புறம் அவனே வழி சொன்னான்: கம்பி போட்ட ஜன்னலுக்கு அந்தப் பக்கம் புட்சரை இழுத்துவிட்டு, இந்தப் பக்கம் நின்று அம்பு விடு. விட்டேன். கரண்ட் போய் பேட்டரி சிவப்பாகிக்கொண்டிருந்தது, புட்சர் செத்த பிறகுதான் லேப்டாப் அணைந்தது.

கிடார் இசையைச் சொல்ல மறந்தேன். மேலே ஊருக்கு வந்ததும் 12 தந்தி கிடார் ஒன்று வாசிக்கும். மாட் உயெல்மன் என்பவர் போட்டதாம். ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம். நீ ஹெட்போன் போட்டுக் கேள்.

புயலில் ஓட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, பின்பக்கம் வாழை மட்டும் சாய்ந்தது. இதை மட்டும் அம்மாவிடம் சொல்லு. அப்பாவின் மாத்திரைக்கு இந்த மாதம் சேர்த்தே அனுப்புகிறேன்.

இப்போது மூன்றாம் தளத்தில் நிற்கிறேன், எலும்புக்கூட்டு ராஜா லியோரிக்கின் கல்லறை வாசலில். அவன் செத்த எலும்புக்கூடுகளை மறுபடி எழுப்புகிறான், என் அம்புக்கு வலு போதவில்லை. பையன் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டான். நீ எப்படியாவது பார்த்து, ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது சொல்லு. இங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதை நினைவில் வை, காலை ஆறுக்கே கூப்பிடாதே.

அன்புடன்,
அக்கா