ரிவர்ஸ் கியரும் துப்பாக்கி வழக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் துப்பாக்கிக் கம்பெனிகள் மீது நடக்கும் வழக்குகள் பற்றிய செய்தியைப் படித்தேன். நமக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று டீக்கடையில் சிரித்தார்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது.

துப்பாக்கியை வைத்து எவனோ குற்றம் செய்ததற்காகத் தயாரித்தவர்மீது பெரும்பாலும் வழக்குப் போட முடியாதபடி 2005-ல் அங்கே சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் வடிவமைப்பிலேயே கோளாறு என்றால் கேட்கலாம். சிக் சாவர் பி320 கைத்துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கும்போது தொடையில் குண்டு பாய்ந்த ஒருவருக்கு, 2024-ல் ஜார்ஜியா ஜூரி 23.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. விசையில் தவறி அழுந்தாதபடி ஒரு தடுப்பு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் வழக்கே.

2021 சம்பா சேற்றுழவில் வரப்போரம் என் பவர் டில்லரை, அதாவது கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் உழவு இயந்திரத்தை, பின்னால் எடுத்தேன். ரிவர்ஸ் விழுந்ததும் கைப்பிடி எழும்பித் தள்ளியது. முழங்கால் வரை சேறு, காலை உருவ முடியவில்லை. சுற்றிக்கொண்டிருந்த பிளேடு வலது காலில் இரண்டு விரலைக் கொண்டுபோய்விட்டது. ரிவர்ஸில் பிளேடு சுற்றாதபடி பூட்டு வைத்த டில்லர்களும் உண்டு. என்னுடையதில் இல்லை. விற்றவர், "பாத்து ஓட்டியிருக்கணும்ணே" என்றார்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். சேறு அப்புகிறது என்று பிளேடை மூடும் மட்கார்டைக் கழற்றி வைத்திருந்தேன். அது இருந்திருந்தால் ஒரு விரலாவது மிஞ்சியிருக்குமோ என்னவோ. ஆனால் பூட்டை நான் கழற்றவில்லை. அது வரும்போதே கிடையாது.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆம் பிரிவில், வடிவமைப்புக் கோளாறுக்குத் தயாரித்தவரே பொறுப்பு என்று இருக்கிறதாம். பொருளை மாற்றியிருந்தால் விற்றவர் தப்பிக்க 87-ஆம் பிரிவும் இருக்கிறது. பிழைப்புக்காகத் தானே ஓட்ட வாங்கியவனும் நுகர்வோர்தான். இதெல்லாம் மன்னார்குடியில் ஒரு வக்கீல் சொல்லித் தெரிந்தது, 2024-ல். இரண்டு வருஷத்துக்குள் போட்டிருக்க வேண்டுமாம்.

சரி, என் கதை போகட்டும். வேளாண் பொறியியல் துறை மானியத்தில் டில்லர் கொடுக்கிறது. அந்தப் பூட்டு இருக்கிற டில்லருக்கு மட்டும்தான் மானியம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், கம்பெனிகள் தாமாகவே வைத்துவிடும்.

இப்போது என் தம்பி மகன்தான் ஓட்டுகிறான். ரிவர்ஸுக்கு முன்னால் பிளேடை நிறுத்துடா என்று நான் வரப்பில் நின்று கத்துகிறேன். எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்பதில்லை.

– ஒரு பவர் டில்லர்காரர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்